மியூசிக் டெக்னாலஜியில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறீர்களா? கல்லூரிப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்

"மியூசிக் டெக்னாலஜியில் மாஸ்டர்ஸ் பண்ணணும், எங்கே அப்ளை பண்ணலாம்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்வதில்லை. கடைசியாக எந்த வேலையில் உட்கார்ந்தபோது மணி பார்க்க மறந்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். ஒருவர், மிக்ஸில் கிக் டிரம்மும் பேஸும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்தன, அதைப் பிரித்து எடுக்க விடிந்துவிட்டது என்பார். இன்னொருவர், பாட்டைக் கொடுத்தால் தாளம் எங்கே விழுகிறது என்று தானாகக் கண்டுபிடிக்க பைத்தானில் எழுதினேன், பாதிப் பாட்டுகளில் சரியாக இரண்டு மடங்கு வேகத்தைக் காட்டுகிறது, ஏன் என்று பிடிபடவே இல்லை என்பார். மூன்றாமவர் கையசைவுக்கு ஏற்ப ஒலி மாறுகிற மாதிரி சென்சாரை வைத்து எதையோ கட்டியிருப்பார். மூன்று பேரும் தேடுவது அதே இரண்டு வார்த்தைகளைத்தான், ஆனால் மூன்று பேரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் இரண்டு பேருக்கு அந்த வருடம் வீண்.

ஏனென்றால் இந்தப் பெயருக்குள் குறைந்தது நான்கு தொழில்கள் இருக்கின்றன.

ஒன்று, ஒலிப்பதிவும் தயாரிப்பும்: ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங், படத்துக்கும் கேமுக்கும் ஒலி அமைப்பது. இதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. நான்கு கிளைகளில் முதுநிலைப் பட்டம் குறைவாக உதவுவது இங்கேதான். ஸ்டூடியோக்காரர்கள் பட்டத்தைப் பார்ப்பதில்லை, நீங்கள் செய்த வேலையைக் கேட்கிறார்கள். நல்ல அறை, நல்ல மைக், பக்கத்தில் உட்கார்ந்து "அந்த ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) எதற்கு?" என்று கேட்கும் ஆசிரியர், இவை மூன்றும் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது என்றால் படியுங்கள். அல்லது பின்னாளில் கற்பிக்கும் வேலைக்குப் போக எண்ணம் இருந்தால் படியுங்கள்.

இரண்டாவது, சிக்னல் பிராசஸிங்கும் ஒலியியலும். ரிவர்ப் எப்படி வேலை செய்கிறது, வயலின் கம்பியின் அதிர்வைச் சமன்பாட்டில் எழுதி அதிலிருந்து ஒலியை வரவழைப்பது எப்படி, பழைய ஆம்ப்ளிஃபயரின் சுற்றை மென்பொருளில் போலச் செய்வது எப்படி என்பதெல்லாம் இங்கே வரும். மூன்றாவது, இசைத் தகவல் மீட்பு, எல்லோரும் எம்ஐஆர் என்பார்கள். தாளம், சுருதி, இசைக்கருவி, பாடகர் குரல் என்று பதிவிலிருந்து தகவலை உருவுவது. இன்று இதில் பெரும்பகுதி மெஷின் லேர்னிங். நான்காவது, புது இசைக்கருவிகளும் எலக்ட்ரானிக் இசையமைப்பும், மேடையில் கணினியை எப்படி வாசிப்பது என்கிற கேள்வியும்.

உங்கள் கிளை தெரிந்த பிறகுதான் இடங்களின் பெயர்களுக்கு அர்த்தம் வரும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சவுண்ட் அண்ட் மியூசிக் கம்ப்யூட்டிங் என்ற ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. 2005இல் ஃப்ரீசவுண்ட் ஒலிக் களஞ்சியத்தைத் தொடங்கியதும் எசென்ஷியா என்ற ஒலிப் பகுப்பாய்வு நிரல்தொகுப்பை எழுதியதும் அங்குள்ள ஆய்வுக்குழுதான், ஆகவே எம்ஐஆர் ஆட்களுக்கு அது தாய்வீடு மாதிரி. அங்கே சேவியர் செர்ராவின் தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கிய மகாம், பீஜிங் ஓபரா, அரபு அந்தலூசிய இசை ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. மேற்கத்திய இசைக்காக எழுதிய நிரல்கள் கமகத்தைக் கண்டால் திணறுவது ஏன் என்று யோசித்தவர்களுக்கு அது நல்ல வாசல். லண்டனின் குயின் மேரி பல்கலைக்கழகமும் எம்ஐஆர் பக்கம் வலுவானது. இயற்பியல் மாதிரிகளைக் கொண்டு ஒலி உருவாக்குவதில் எடின்பரோவுக்குப் பெயர். பாரிஸின் இர்காம் என்ற இசை ஆய்வு மையத்தை ஒட்டிய ஆட்டியாம் என்ற முதுநிலை, ஒலியியல், சிக்னல், கணினி மூன்றையும் இசைக்காகச் சேர்த்துச் சொல்லித்தருவது, ஆனால் பிரெஞ்சு தெரியாமல் அங்கே போய் உட்கார்வது கஷ்டம். இசையமைப்புப் பக்கம் சாய்ந்தவர்கள் ஹேக் நகரின் சோனாலஜி நிறுவனத்தைப் பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டின் கார்மா, மாண்ட்ரியாலின் மெக்கில், அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் ஆகியவை இரண்டு மூன்று கிளைகளைக் கலந்து வைத்திருப்பவை. பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், இந்த வருடத்தில் என்ன இருக்கிறது என்பதை அவரவர் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தை எப்படிப் படிப்பது

அறிமுகப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். "கலையும் அறிவியலும் சங்கமிக்கும்" என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள். முதல் பருவத்தின் கட்டாயப் பாடங்களைப் பாருங்கள், அந்தப் படிப்பின் உண்மையான முகம் அதுதான். அடுத்து, அந்தப் படிப்பை எந்தத் துறை நடத்துகிறது? இசைத் துறை என்றால் உங்கள் இசை வேலையைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள், மின்பொறியியல் அல்லது கணினித் துறை என்றால் மதிப்பெண் பட்டியலில் கணக்கைத் தேடுவார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு துறையிலும் ஏறக்குறைய ஒரே பெயரில் படிப்பு இருப்பதும் உண்டு, தப்பான வாசலில் விண்ணப்பம் போட்டு விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும் (அதில் ஒருவன் நானே). அப்புறம், கடந்த இரண்டு மூன்று வருடங்களில் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். அவற்றில் ஒன்றையாவது நாம் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமை வரவில்லை என்றால் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

கணக்கு வராதே?

இசைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் எல்லோரும் கேட்பது இது. அவர்களுக்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். ஜான் சௌனிங் இசையமைப்பாளர், பொறியாளர் இல்லை. கணினியால் இசை செய்ய முடியும் என்று மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, 1964இல் பெல் ஆய்வகத்துக்கே போய் அவரைப் பார்த்து, நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். 1967இல் வைப்ரேட்டோவை (சுருதியை லேசாக மேலும் கீழும் அசைப்பது) வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது அதன் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் அது அசைவாகக் கேட்காமல் புதிய ஒலிநிறமாக மாறியது. அதுதான் எஃப்எம் சிந்தசிஸ், யமஹா அதை உரிமம் வாங்கி 1983இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டைக் கொண்டுவந்தது. கண்டுபிடித்தது காது. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று விளக்கவும், வேண்டிய ஒலியை வேண்டியபோது வரவழைக்கவும் அவருக்குக் கணக்கு தேவைப்பட்டது, கற்றுக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு கணக்கு வேண்டும்? சைன் அலைகள், சிக்கலெண்கள், மேட்ரிக்ஸ், அடிப்படை நிகழ்தகவு, கொஞ்சம் கால்குலஸ். உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி: நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியலையின் அளவீடு) எடுக்கும் கருவிக்குள், முன்னால் எந்த ஃபில்டரும் இல்லாமல், 30 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை விட்டால் வெளியே என்ன கேட்கும்? 14.1 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லி, ஏன் என்று படம் போட்டுக் காட்ட முடிந்தால் இரண்டாவது, மூன்றாவது கிளைகளுக்கான கதவைத் தட்டலாம். முடியவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, ஆறு மாதம் மாலை நேரம் ஒதுக்குங்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித் ஃபூரியே உருமாற்றத்திலிருந்து ஃபில்டர்கள், இயற்பியல் மாதிரிகள் வரை நான்கு புத்தகங்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறார். வரிசையாகப் படிக்காதீர்கள், தூக்கம் வரும். ஏதாவது ஒன்றைக் கட்ட ஆரம்பித்து, மாட்டிக்கொள்ளும் இடத்தில் திறந்து பாருங்கள்.

பொறியியல் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு நேர் எதிரான பிரச்சினை. நிரல் பிரமாதமாக இருக்கும், காது வேலை செய்யாது. ஒரு கருவியை உருப்படியாக வாசிக்கவோ, பாடவோ, குறைந்தபட்சம் ஒரு குழுவின் வாசிப்பைப் பதிவு செய்து முடிக்கவோ செய்திருக்க வேண்டும். நேர்முகத்தில் "நீங்கள் என்ன வாசிப்பீர்கள்?" என்பது பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

போர்ட்ஃபோலியோ: ஒரு கம்பி போதும்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதினைந்து அரைகுறை வேலைகளை அடுக்கி அனுப்புகிறார்கள், படிப்பவருக்கு எதைத் திறப்பது என்றே தெரியாது. இரண்டு அல்லது மூன்று போதும், ஆனால் ஒன்றிலாவது நீங்கள் எதையோ கவனித்திருக்க வேண்டும்.

கவனிப்பது என்றால் என்ன என்று ஓர் எளிய உதாரணத்தில் சொல்கிறேன். 1983இல் வெளிவந்த கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறை, கம்பியை மீட்டும் ஒலியை வரவழைக்கும் மிகச் சின்ன வழி. 100 சாம்பிள் நீளமுள்ள ஒரு வரிசையை எடுத்து (இதுதான் நம் கம்பி) அதில் வெறும் இரைச்சலை நிரப்புங்கள். அதை வட்டமாகத் திரும்பத் திரும்ப வாசியுங்கள், ஒவ்வொரு முறையும் பக்கத்துப் பக்கத்து இரண்டு சாம்பிள்களின் சராசரியை எடுத்துத் திரும்ப உள்ளே போடுங்கள். பத்துப் பதினைந்து வரி நிரல். இரைச்சலிலிருந்து கிட்டார் கம்பி மாதிரி ஒன்று கிளம்பி மெல்ல அடங்கும், முதல் முறை கேட்கும்போது சிலிர்க்கும்.

இத்தோடு நிறுத்தி அனுப்புபவர்கள் நிறைய. ஆனால் ட்யூனரை வைத்துப் பாருங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள், அதை 100ஆல் வகுத்தால் 441 ஹெர்ட்ஸ் வர வேண்டும், வருவதோ 438.8க்குப் பக்கத்தில். ஏன்? சராசரி எடுப்பதே அரை சாம்பிள் தாமதம், ஆகவே கம்பியின் உண்மையான நீளம் 100.5. சரி, இந்த ஸ்தாயியில் அது 9 செண்டுக்கும் குறைவு (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்டு), பலருக்குக் கேட்காது. மேலே போங்கள். 20 சாம்பிள் கம்பி சுமார் 2151 ஹெர்ட்ஸ், 21 சாம்பிள் கம்பி சுமார் 2051 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவே 80 செண்டுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஓர் அரைஸ்வரம், அந்த இடைவெளியில் எந்தச் சுருதியையும் இந்தக் கம்பியால் தொட முடியாது. முழு எண் நீளத்தால் சுருதி சேர்க்க முடியாது என்பது இப்போது உங்கள் காதுக்கே தெரிந்த உண்மை. தீர்வு, பின்ன அளவில் தாமதம் தரும் ஆல்பாஸ் ஃபில்டர். அதை டேவிட் ஜாஃபியும் மேலே சொன்ன ஜூலியஸ் ஸ்மித்தும் அதே 1983இல் எழுதிவிட்டார்கள், நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேட்டேன், தப்பாக இருந்தது, அளந்தேன், காரணத்தைத் தேடினேன், சரிசெய்தேன், இதோ முன்னும் பின்னும் இரண்டு ஒலிக்கோப்புகள் என்று அரைப் பக்கம் எழுதினால் அது பதினைந்து அரைகுறை வேலைகளைவிட அதிகம் பேசும்.

மற்ற கிளைகளுக்கும் இதே கதைதான். பதிவு அனுப்பினால் மைக்கை எங்கே வைத்தீர்கள், வேறெங்கே வைத்துப் பார்த்து ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி. மேலே சொன்ன தாளம் கண்டுபிடிக்கும் நிரலை அனுப்பினால் எந்த மாதிரிப் பாட்டுகளில் இரட்டை வேகம் வருகிறது என்று ஒரு பட்டியல், எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று பொய் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லும் எதையும் இந்தத் துறைக்காரர்கள் நம்பமாட்டார்கள், அவர்களுடையதே வேலை செய்வதில்லை.

ஒலிக்கோப்புகளை முதல் நிமிடத்திலேயே விஷயத்துக்கு வரும்படி வெட்டுங்கள். இணைப்பு கடவுச்சொல் இல்லாமல் திறக்கிறதா என்று வேறொருவர் கணினியில் பாருங்கள்.

எஸ்ஓபியும் கடிதங்களும்

"சிறு வயதிலிருந்தே எனக்கு இசை என்றால் உயிர்" என்று தொடங்கும் எஸ்ஓபியை (ஏன் படிக்க வருகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதும் அறிக்கை) மூடிவிட்டு மறுபடி எழுதுங்கள். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இசை உயிர்தான். ஒரு குறிப்பிட்ட கேள்வியில் தொடங்குங்கள், அதை விடுவிக்க இதுவரை என்ன செய்தீர்கள், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், அந்த முட்டுச்சுவரை உடைக்க அங்கே இருக்கும் யாருடைய எந்த வேலை உதவும் என்று போங்கள். ஆய்வை அடிப்படையாகக் கொண்ட முதுநிலை என்றால் பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுதுவது நல்லது. அவருடைய கட்டுரைகளில் ஒன்றை உண்மையாகவே படித்து, முடிந்தால் அதிலுள்ள ஒரு சோதனையை நீங்களே திரும்பச் செய்து பார்த்து, வந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஆறு ஏழு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை ஞாபகப்படுத்தலாம், மூன்றாவது முறை வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடி அலையாதீர்கள். உங்களோடு ஒரு வேலையைச் செய்து, அதில் நீங்கள் சொதப்பிய இடத்தையும் அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் பார்த்தவர் எழுதட்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பறைப் படிப்பாக நடக்கும் முதுநிலைகளில் பெரும்பாலும் கைக்காசுதான், உதவித்தொகை குறைவு. முனைவர் படிப்புக்குப் பல இடங்களில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. உங்கள் குறி கடைசியில் பிஎச்டிதான் என்றால், சில நாடுகளில் முதுநிலை இல்லாமலே நேராகப் போக முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். உதவித்தொகைக்கான கெடு சேர்க்கைக்கான கெடுவுக்கு முன்னாலேயே முடிந்துபோவது சகஜம், இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

உள்ளே போன பிறகு

ஒரு வருடப் படிப்பு என்றால் உண்மையில் ஒரு வருடம் இல்லை. சேர்ந்து ஊர் பழகுவதற்குள் ஆய்வேட்டுத் தலைப்பைக் கேட்பார்கள். ஆகவே போகும்போதே இரண்டு மூன்று தலைப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள்.

ஆட்களைக் கேட்கவைத்து மதிப்பெண் வாங்கும் சோதனை உங்கள் ஆய்வேட்டில் இருந்தால், பல இடங்களில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அது வாரக்கணக்கில் இழுக்கும், முதலில் அந்தப் படிவத்தைப் போடுங்கள். சோதனைமுறையை நீங்களாக யோசிக்க வேண்டாம். ஒலித்தர ஒப்பீட்டுக்கு முஷ்ரா என்று ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது: கேட்பவர் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார், நடுவில் அசல் ஒலியையே பெயர் மறைத்துக் கலந்து வைப்போம், 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிய மோசமான ஒன்றையும் வைப்போம். மறைத்த அசலுக்கே அடிக்கடி குறைவாகப் போடுபவர் கவனமாகக் கேட்கவில்லை என்று அர்த்தம், அவரை ஒதுக்கலாம். என் முதல் சோதனையில் இப்படி ஒதுக்கியதில் வகுப்பு நண்பர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், அதனால் ஆட்களைத் தேவைக்கு மேலேயே கூப்பிடுங்கள்.

மெஷின் லேர்னிங் பக்கம் போகிறவர்கள் மாடலைத் தொடும் முன் தரவைக் காதால் கேளுங்கள். இசை வகையைக் கண்டுபிடிக்கும் நிரல்களைச் சோதிக்க ஜிட்ஸான் என்ற தொகுப்பு, 10 இசை வகைகள், 30 நொடித் துண்டுகள் 1000. 2002இலிருந்து எத்தனையோ கட்டுரைகள் அதில்தான் துல்லியம் காட்டின. பிறகு பாப் ஸ்டர்ம் என்ற ஆய்வாளர் உட்கார்ந்து ஆராய்ந்தபோது ஒரே பதிவு இரண்டு முறை, தப்பான வகைப்பெயர், சிதைந்த ஒலி என்று எல்லாம் வெளியே வந்தது. பயிற்சியிலும் தேர்விலும் அதே பாட்டு இருந்தால் எந்த மாடலும் மேதைதான். உங்கள் எண்கள் சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

வகுப்பில் யாரிடம் என்ன இருக்கிறது என்று முதல் மாதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சி பிளஸ் பிளஸ்ஸும் ஜூஸ் என்ற ஆடியோ நிரல்தொகுப்பும் தெரிந்தவருக்கு மைக் பிடிக்கத் தெரியாது, செல்லோ வாசிப்பவருக்குப் பைத்தான் நிறுவத் தெரியாது, குழு வேலையில் இந்த இரண்டு பேரும் சேர்ந்தால் இருவருக்கும் லாபம். ஒரே மாதிரி ஆட்கள் நான்கு பேர் சேர்ந்த குழு எப்போதும் கடைசி வாரத்தில்தான் எதையாவது கேட்டுப் பார்க்கிறது.

ஆய்வேடு சுமாராக வந்தால்கூட ஒரு மாநாட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். எம்ஐஆர் என்றால் 2000இல் தொடங்கிய இஸ்மிர், புதுக் கருவிகள் என்றால் 2001இல் தொடங்கிய நைம், எஃபெக்ட்களும் சிக்னலும் என்றால் டாஃப்எக்ஸ். கட்டுரை திரும்பி வந்தாலும் மதிப்பீட்டாளர் குறிப்புகள் கையில் கிடைக்கும். வேலை தேடும்போது ஆடியோ மென்பொருள் நிறுவனமோ, கேம் ஒலிக் குழுவோ, ஸ்ட்ரீமிங் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவோ, கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: நிரல் எங்கே, ஒலி எங்கே.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் ஒரு நாளைக்கு எல்லை என்று அமெரிக்காவின் நையாஷ் என்ற பணியிட உடல்நல அமைப்பு சொல்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் நான்கு மணி, 94இல் ஒரே மணி. ஆய்வேட்டு மாதங்களில் ஹெட்போனைக் கழற்றவே மாட்டீர்கள், இரவு ஏற ஏற சத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போவீர்கள். ஒரு சின்ன அளவுகருவியோ போனில் ஒரு செயலியோ வைத்து, உங்கள் மானிட்டர் ஸ்பீக்கர்களின் வழக்கமான சத்தத்தை ஒருமுறை அளந்து, அந்த இடத்தில் வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி வையுங்கள்.